மாத்துப் படத்தில் இல்லாதவர்கள்

அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த அந்த வரைபடத்தில் கோயமுத்தூர் ஒரு சின்னப் புள்ளி. கிராமங்களுக்கு எழுதுவது போல அதன் பெயரைச் சாய்வெழுத்தில் பொடியாக எழுதியிருந்தது. வடகிழக்கே அந்தியூர் இரட்டை வட்டத்துக்குள் ஒரு மாநகரமாக உட்கார்ந்திருந்தது. எல்லாச் சாலைகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. கீழே வலது மூலையில், எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் மற்ற படங்களில் இருப்பது போலவே, கட்டம் போட்டு அளவு, வடக்குக் குறி, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று எல்லாம் முறையாக எழுதியிருந்தது. அமோனியா பிரிண்ட்டுக்கே உரிய ஊதா கலந்த நீலக் கோடுகள். வேலையில் சேர்ந்த முதல் நாள் அதை உண்மையான படம் என்றே நினைத்து, நம் ஊரைக் காணோமே என்று தேடிக்கொண்டு நின்றேன். "ரொம்பத் தேடாதீங்க அம்மணி. அந்த உலகத்துல நம்மூரு இன்னும் வளரலீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுதான் ஹெட்.

தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கும் மனைப் பிரிவுகளுக்கும் படம் வரைந்து கொடுப்பது தொழில். தலைமை வரைவாளர் என்பது அவருடைய பதவி. ஹெட் டிராப்ட்ஸ்மேன் என்று வாய் நிறையச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் அவர் ஹெட் ஆகிவிட்டார், நேரில் மட்டும் சார். நான் டிப்ளமா முடித்துவிட்டு வந்த டிரேசர், அவர் பென்சிலில் போட்டதை மையில் படியெடுப்பவள். மூன்றாவது ஆள் பாய். டிரேசிங் தாளில் வரைந்ததை நகல் எடுக்கும் அமோனியா பிரிண்ட் மிஷின் அவருடையது. அதாவது முதலாளியுடையதுதான், ஆனால் பாயைத் தவிர வேறு யார் தொட்டாலும் அது தாளைக் கடித்துவிடும். கோட்டைமேட்டிலிருந்து சைக்கிளில் வருவார். அமோனியா நெடியில் அவருடைய கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அழுதுவிட்டு வந்தவர் போலத் தெரியும், ஆனால் மூன்று பேரில் அதிகம் சிரிப்பவர் அவர்தான்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் என் மகள். போன வருடம் ஒரு காலையில் அவள் வேலைக்குப் போகும்போது விபத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் மேம்பாலம் கட்டுவதற்காகச் சாலையை அடைத்து வண்டிகளை உள் சாலைகள் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவள் போய்ப் பழகாத ஒரு சந்தில், பின்னால் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி அவளைப் பார்க்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தாள். உயிர் இருக்கிறது. வலது கையிலும் காலிலும் பாதிப் பலம்தான் திரும்பியிருக்கிறது, பேசும்போது சில சொற்கள் அகப்படுவதில்லை. இப்போது அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். டவுன் பஸ்ஸில், தனியாக, வருகிற திங்கட்கிழமை. அவளுடைய அப்பா சரி என்று சொல்லிவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹெட் அந்த விளையாட்டை எப்போது தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. மாத்துப் படம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நடந்த சரித்திரத்தில் ஒரே ஒரு இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நடந்திருக்கக்கூடியதை மட்டும் வைத்து அந்த உலகத்தின் படத்தை வரைய வேண்டும். மைசூர்ப் படை கடைசிச் சண்டையில் தோற்காமல் இருந்திருந்தால் என்பதுதான் சுவரில் இருந்த படம். குதிரைப்படை இருந்தால் குதிரை வேண்டும், குதிரைச் சந்தை அந்தியூரில்தான் கூடுகிறது, ஆகவே பணமும் சாலையும் சர்க்கார் கச்சேரியும் அங்கே போயிருக்கும், வெள்ளைக்காரன் கலெக்டர் கச்சேரி வைக்காத கோயமுத்தூர் பேரூருக்குப் போகிற வழியில் ஒரு சத்திரமாக நின்றிருக்கும். இப்படித்தான் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாமல் ஒரு மாட்டுவண்டித் தடம்கூடப் போட விடமாட்டார்.

வரைகிற முறைதான் எனக்குப் பிடித்திருந்தது. பழைய ஜில்லாப் படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, மலைகளையும் ஆறுகளையும் முதலில் அப்படியே எடுப்போம். அவற்றை மாற்றக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் அடைபட்டிருந்தால் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "அது சரித்திரமில்லீங்க அம்மணி, அது சாமி காரியம். நம்ம லிமிட்டு மனுசன் செஞ்ச தப்பு வரைக்குந்தான்" என்றார். பிறகு இப்போது இருக்கிற ஊர்களையும் சாலைகளையும் மையில் போட்டுவிட்டு, மாற்றத்தைச் செய்து, அதனால் இல்லாமல் போகிறவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். டிரேசிங் தாளில் மையை அழிக்க முடியாது. பாதி பிளேடை வைத்துச் சுரண்டத்தான் வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும், அழுத்தாவிட்டால் பிரிண்ட்டில் பேய் மாதிரி ஒரு நிழல் விழும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கினால்தான் மேலே மறுபடி எழுத முடியும். முதலிலேயே போடாமல் விட்டுவிட்டால் வேலை மிச்சம் அல்லவா என்று கேட்டேன். "போடாம உட்டா எது போச்சுன்னே தெரியாதுங்க. சுரண்டுனாத்தான் தெரியும்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் வாதம் நடக்கும். டிபன் பாக்ஸ்களை ஒதுக்கிவிட்டுப் படத்தை நடுவில் விரிப்போம். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். மூவரில் இருவர் ஒப்புக்கொண்டால் ஹெட் அங்கேயே பிளேடை எடுப்பார். ரயில் பாதை போத்தனூரைத் தொடாமல் நேராகக் கோயமுத்தூருக்குள் வந்திருந்தால் என்று ஒரு படம் போட்டபோது பாய் பிடித்த சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது. அவருடைய தாத்தா போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

"சார், போத்தனூரச் சோளக்காடா ஆக்கிப்போட்டீங்க. எங்க தாத்தா எங்கீங்க போவாரு?"

"சோளம் வெதைக்கட்டுமுங்க."

"அவருக்கு மம்பட்டி புடிக்கவே தெரியாதுங்க. அங்க குவார்ட்டர்ஸ்ல இருந்ததாலதான் எங்க பாட்டிய நிக்கா பண்ணுனாரு. அப்பறம் எங்க அத்தா எப்படி வருவாரு, நான் எப்படி வருவேன்?"

"வரமாட்டீங்க. அதையத்தான் சொல்றன். இந்த உலகத்துல பிரிண்ட் மிஷின் பக்கம் வேற ஆரோ நிக்கறாங்க. மிஷின் தாளக் கடிக்காதோ என்னமோ."

"தங்கச்சி, கேட்டுக்க. சோத்துல கைய வெச்சுட்டு என்னைய இல்லாம ஆக்கறாரு."

பாய் சாப்பிட்டுக்கொண்டே, தான் இல்லாத உலகத்தில் தன் பங்கு மீன் குழம்பு யாருக்குப் போகும் என்று கேட்டார். ஹெட் தன் பாக்ஸை நீட்டினார். நாங்கள் சிரித்தோம். அப்போதுதான் ஹெட் ஒரு விதி சொன்னார். மாற்றம் எப்போதும் நம் தாத்தாக்கள் காலத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். வெகு தூரத்தில் மாற்றினால் நாம் எல்லோருமே ஒன்றாகக் காணாமல் போகிறோம், அதில் யாருக்கும் நட்டமில்லை, சிரித்துக்கொண்டே சாப்பிடலாம். கிட்டத்தில் மாற்றினால் ஓரிருவர்தான் போவார்கள், யார் என்று தெரிந்துவிடும். அதுதான் அவர் சொன்ன காரணம். சாதத்தில் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் அதையும் விளையாட்டின் நுணுக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் படங்களில் எல்லோரும் ரசித்தது ஏரிப் படம். வெள்ளைக்காரர்கள் நொய்யலில் கீழ்ப்பக்கமாக ஒரு பெரிய அணை கட்டியிருந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது கேள்வி. சென்னிமலை ஒரு தீவாகிவிடும் என்பதில் எனக்கும் பாய்க்கும் ஆசை. மலை மேல் முருகன் கோயில், அடிவாரத்தில் அலை, நெசவாளர்கள் பெட்ஷீட் கட்டுகளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெருந்துறை மேடு, அங்கே தண்ணீர் ஏறாது என்று ஹெட் உயரக் கோடுகளைக் காட்டி மறுத்தார். "அணைய இன்னும் கொஞ்சம் உசத்திப்போட்டாப் போச்சு" என்றார் பாய். இரண்டுக்கு ஒன்று. பெருந்துறை மூழ்கியது. அழகான படம் அது. ஏரியின் கரைக்கு ஹெட் நெருக்கமாகப் போட்ட மெல்லிய கோடுகள் தண்ணீர் அசைவது போலவே இருந்தன.

ஆனால் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிசகு அதில் நடந்தது. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் கொட்டகை போட இடம் வாங்கியிருந்த ஒரு கவுண்டருக்கு அந்த வாரம் படங்கள் போக வேண்டியிருந்தது. எல்லாத் தாளும் ஒரே அளவு, ஒரே மூலைக் கட்டம், ஒரே கையெழுத்து. சுருட்டி நூல் கட்டும்போது ஏரிப் படமும் உள்ளே போய்விட்டது. மறுநாள் போன் வந்தது. ஹெட் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார், அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"ஏனுங்க, நம்ம சைட்டு தண்ணிக்குள்ள இருக்குதுங்களே! டேம் கீம் வருதுங்களா? கவர்மெண்ட்ல ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

ஹெட் விளக்கினார். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டு போனது. இது நடக்கவில்லைங்க, நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுங்க, வெள்ளைக்காரன் காலத்திலேயே கட்டியிருக்க வேண்டியதுங்க. கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்படீன்னா அந்த ஒலகத்துல சென்னிமலைக்குப் பரிசல்லதான் போகோணுங்களா? கிருத்திகைக்கு எப்படீங்க கூட்டம் தாங்கும்?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பினார், கொட்டகைப் படத்தில் ஒரு சின்ன மாற்றம், அப்படியே ஏரிப் படத்தில் இன்னொரு காப்பி, அவர் வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு. ஆனால் முதலாளி காதுக்குப் போய்விட்டது. இந்த மாதிரிப் படம் எதிலும் இனிமேல் அலுவலகக் கட்டம் போட்டு வரையக் கூடாது என்றார். விளையாட்டு சில மாதம் நின்றது. சாப்பாட்டு நேரம் வெறும் சாப்பாட்டு நேரமாக இருந்தது.

மறுபடி அதைத் தொடங்கியவர் பாய். அதுவரை அவர் ஒரு படமும் வரைந்ததில்லை, வாதம் மட்டும்தான். ஒரு மத்தியானம் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு தாளைக் கொண்டு வந்து விரித்தார். "சார், இன்னிக்கு நம்முளுதப் பாருங்க." கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன, எழுத்துகளை ஸ்டென்சில் வைத்து மெனக்கெட்டுப் போட்டிருந்தார். ஊருக்குள் அவர் தினமும் சைக்கிளோடு காத்துக் கிடக்கும் ஒரு ரயில்வே கேட். அங்கே மேம்பாலம் வருவதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்ததாம், பிறகு யாரும் பேசவில்லை. பாய் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கட்டப்பட்டிருந்தால் என்பது அவருடைய மாற்றம். கேட்டை அழகாகச் சுரண்டி எடுத்திருந்தார். கேட்டருகே கடலை விற்பவரும் சோடாக்கடைக்காரரும் போயிருந்தார்கள். பாலத்துக்குக் கீழே அவர்களுக்கு நிழலில் இடம் கொடுத்திருந்தார்.

"விதிக்கு வெளிய போயிட்டீங்க பாய். இது பத்துப் பன்னெண்டு வருசந்தான்" என்றேன்.

"ஒரு பாலந்தானம்மா. இதுல ஆரு காணாமப் போயிருவாங்க?"

ஹெட் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். கேட் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சுரண்டியது மழமழப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். "நல்லாச் சுரண்டியிருக்கறீங்க" என்றார். பிறகு வழக்கமாக வாதத்தைத் தொடங்கும் அதே குரலில், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார். "சரி, பாலம் இருக்குது. இந்தத் தெருவுலிருந்து சாயங்காலம் ஒரு ஆட்டோ வருதுங்க. உள்ள ஒரு பையன், அஞ்சு வயசு. காய்ச்ச ஏறி வெட்டு வந்து கைகால் இழுக்குது. அவிங்கம்மா மடியில போட்டிருக்கறா. நெசமா நடந்ததுல, இங்க கேட்டு மூடியிருந்தது. கூட்ஸு வண்டி பாதி போயி நின்னுபோச்சு. கீழ பூந்து எடுத்துட்டு ஓடலாம்னு அவிங்கப்பன் எறங்கறான், அதுக்குள்ள வண்டி அசையுது. ஏறறான். மறுபடி நிக்குது." ஆட்டோ நின்ற இடத்தில் விரலை வைத்தார். "பாயோட படத்துல ஆட்டோ நிக்கல. மேல ஏறிப் போயிருது. ஆஸ்பத்திரிக்குப் போயிருது. பையன் பொழச்சுக்கறான். இப்ப அவன் பிளஸ் டூ. வரைஞ்சுக்கலாமுங்க, ஒண்ணும் தப்பில்ல."

அவருக்கு ஒரு பையன் இருந்து இறந்துபோனான் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் போனதாகத்தான் தெரியும். பாய் எழுந்து நின்றுவிட்டார். "சார், சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார். ஹெட் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "உக்காருங்க பாய். ஆட்டம் இன்னும் முடியல. எடுக்க வேண்டியத எடுக்கோணுமில்ல?" என்று பிளேடைக் கையில் எடுத்தார்.

"என்ற பொண்ணு பொறந்தது அதுக்கு அப்பறமுங்க. ஒண்ணு போதும்னுதான் இருந்தோம். பையன் போன பொறவு, அவிங்கம்மா படற பாட்டப் பாத்துட்டுத்தான் இவள. ஆட்டோ பாலத்து மேல போயிருச்சுன்னா இவ இல்லீங்க. இப்ப ரெண்டாவது படிக்கறா. காலைல சாக்ஸ் காணம்னு என்னையச் சண்டை புடிச்சுட்டுப் போனா." தெருவில் அவர் வீடு இருந்த இடத்துக்கு மேலே பிளேடின் முனையைக் கொண்டு போனார். தாளைத் தொடவில்லை. "நானும் எத்தனையோ தடவ மனசுக்குள்ள இந்தப் படத்தப் போட்டுப் பாத்துட்டனுங்க. இந்த எடத்துக்கு வந்தா எனக்குக் கை வரமாட்டீங்குது. நீங்க ஆராச்சும் சுரண்டறீங்களா?"

 கீழே மருந்துக்கடையில் யாரோ ஒரு ஷட்டரை இழுத்தார்கள். ஹெட் பிளேடைத் தாளில் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "மோர் இருக்குதுங்களா அம்மணி" என்று கேட்டார். நான் ஊற்றினேன், அவர் குடித்தார். மறுநாள் வந்து, போர்ச்சுக்கீசியர்கள் கொச்சியோடு நிற்காமல் கணவாய் வழியாக உள்ளே வந்திருந்தால் பருத்திச் சந்தை எங்கே கூடியிருக்கும் என்று தொடங்கினார். பாய் முதலில் தயங்கித்தான் பேசினார், பிறகு வழக்கம் போல் சண்டை பிடித்தார். அந்தப் பாலத்துப் பேச்சை மூவரில் யாரும் மறுபடி எடுக்கவில்லை. கல்யாணமாகி நான் வேலையை விட்டேன். கம்ப்யூட்டர் வந்து அலுவலகமும் மூடிவிட்டது. ஹெட் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பாய் போனில் சொன்னார். கொள்ளி வைத்தது அந்தப் பெண்தானாம்.

விபத்துக்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர்கள் சொன்னதைக் கேட்டேன், மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுத்தேன், வந்தவர்களுக்குக் காப்பி போட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு வண்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கும் காப்பி போட்டேன். எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது, இப்போதும் இருக்கிறது. செய்யத் தோன்றியது ஒன்றுதான். மத்தியானம் அவள் தூங்கும்போது சாப்பாட்டு மேசையில் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எங்கள் பகுதியின் படத்தை வரைவேன். சாலையை அடைக்காமல் இருந்திருந்தால். பாலத்து வேலை ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால். மாற்றத்தைச் செய்து, அவள் நேராகப் போய் இடதுபுறம் திரும்பி அலுவலகத்தில் வண்டியை நிறுத்துவது வரை கோடு போடுவேன். ஒரு பாலம் கட்டாததால் ஹெட்டின் பையன் போனான், ஒரு பாலம் கட்டியதால் என் மகள் இப்படி ஆனாள். இதை நினைக்கும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு விவரமாக மட்டும் தெரிந்தது.

ஹெட்டின் விதிப்படி எடுக்க வேண்டியதையும் நான் தேடினேன். அந்த விபத்து நடக்காவிட்டால் இந்த உலகத்திலிருந்து எது போகும்? மாத்திரை டப்பாக்கள், கைக்குப் பயிற்சி கொடுக்கும் ரப்பர் பந்து, பாத்ரூம் சுவரில் அடித்த கம்பி. எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சுரண்டலாம். அவருக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள், அதனால் கை நின்றது. எனக்கு நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. அதனால் வரைந்துகொண்டே இருந்தேன். உயிரோடு இல்லாத ஒரு மனிதர் மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

இந்த இடம் வரை எழுதி நிறுத்தியிருந்தேன். இனி எழுதுவது, அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு.

சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து அவள் சீக்கிரம் எழுந்துவிட்டாள். நான் தாளை மறைக்கவில்லை, மறைக்கத் தோன்றவில்லை. எதிரில் உட்கார்ந்து இடது கையால் அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம ஏரியாதான? ரோடு தொறந்திருக்கு."

"ஆமா கண்ணு."

"நான் எங்க?"

கோட்டைக் காட்டினேன். பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தியூர் மாநகரம், சென்னிமலைத் தீவு, ஹெட், பாய், பாலம். தீவுக்குச் சிரித்தாள். பாலத்துக்குச் சிரிக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இதுல எதை... அந்த... சவரம் பண்றது மாதிரி... எதை எடுப்பீங்க?" என்று கேட்டாள். பிளேடு என்ற சொல் அவளுக்கு அகப்படவில்லை. எடுக்க எதுவும் இல்லை, மாத்திரை டப்பாதான் என்றேன்.

அவள் முகம் மாறியது. "என்னைய எடுக்கோணும்மா" என்றாள்.

"என்ன பேச்சுடி இது."

"நெசமாத்தான் சொல்றன். அந்தக் கோட்டுல போற பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்ல. வர்றவங்க எல்லாரும் அவளப் பத்தியே பேசறீங்க, எப்படி வண்டி ஓட்டுவா, எப்படிப் பேசுவான்னு. நீங்க தெனமும் அவள ஆபீஸ்ல கொண்டுபோயி உடறீங்க. நான் இங்க உக்காந்திருக்கறன். இந்தக் கைய வெச்சுட்டு லெஃப்ட்டுல எழுதப் பழகிட்டன். அதை யாராச்சும் பாத்தீங்களா? அவ பத்திரமாப் போய்ச் சேந்துட்டா நான் வேண்டாந்தான?"

கோபமாகத்தான் சொன்னாள். கோபத்தில் சொற்கள் தடங்கலில்லாமல் வந்தன. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்திருந்தாள். ஆபரேஷனுக்கு மழித்த இடத்தில் முடி வேறு மாதிரி, சுருளாக முளைத்திருந்தது. அவளுக்குச் சுருட்டை முடி கிடையாது. எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்தத் தலைக்கு எண்ணெய் வைக்கிறவள் நான்தான்.

"எழுதிக் காட்டு" என்றேன்.

காலண்டர் தாளின் ஓரத்தில் இடது கையால் தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன, ஆனால் ஒரே அளவில் இருந்தன.  காப்பி வேண்டுமா என்று கேட்டேன். "சர்க்கரை கம்மியா" என்றாள். அதுவும் புதிதுதான்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். அங்கே நில், இங்கே நில் என்று நான் சொல்லச் சொல்ல அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்திபுரம் பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து, முதலில் நல்ல காலை வைத்து ஏறினாள். பின்னால் நின்ற ஒரு பெண் அவள் முழங்கையைத் தாங்கப் போனாள். "வேண்டாங்க்கா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஜன்னல் பக்கம் வருவாள், கையாட்டுவாள் என்று பார்த்தேன். வரவில்லை. உள்ளே கூட்டம். பஸ் சிக்னலைத் தாண்டி, பாலத்துத் தூண்களுக்கு நடுவில் போய் மறைந்தது.

நான் அங்கேயே நின்றேன்.  அதே தடத்தில் அடுத்த பஸ் உடனே வந்தது, பாதி காலியாக. இதில் ஏறினால் இரண்டு ஸ்டாப்பில் அவளுடைய பஸ்ஸைப் பிடித்துவிடலாம், அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே இறங்கி அலுவலக வாசல் வரை பார்த்துவிட்டு வந்துவிடலாம். படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் என்னைப் பார்த்து, "காந்திபுரமுங்களா? ஏறுங்கம்மா, உக்கார எடமிருக்குது" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "நான் வல்லீங்க."

அவர் விசில் கொடுத்தார்.